சாஸ்: எதை வீட்டில் செய்யலாம், எதைக் கடையில் வாங்கலாம்?

ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன் போன்றவை இன்று நகரத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பேருந்து நின்று போகும் எந்த ஊரிலும் மாலையில் ஒரு தள்ளுவண்டியில் இவை கிடைக்கின்றன. பிள்ளைகள் கேட்பதால் வீட்டிலும் செய்கிறோம். இப்படிப் பெரிய தீயில் வேகமாகக் கிளறிச் செய்யும் சமையலுக்குப் பெரும்பாலும் மூன்று பாட்டில்கள் வாங்குகிறோம்: தக்காளி சாஸ், மிளகாய் சாஸ், சோயா சாஸ்.

அதே நேரத்தில் தக்காளி விலை சரிந்தால் பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும் நிலையும் நமக்கு உண்டு. "தோட்டத்தில் தக்காளி வீணாகிறது, கடையில் காசு கொடுத்து சாஸ் வாங்குகிறோம். நாமே செய்தால் என்ன?" என்று பயிற்சிக்கு வரும் பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் மூன்று பாட்டில்களுக்கும் ஒரே பதில் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால்:

• மிளகாய் சாஸ்: வீட்டில் செய்யுங்கள். சுலபம், செலவு குறைவு.
• தக்காளி சாஸ்: தோட்டத்துப் பழம் மிஞ்சும்போதும் விலை குறைந்திருக்கும்போதும் மட்டும் செய்யுங்கள். மற்ற நாட்களில் சிறிய பாட்டிலாக வாங்குவதே லாபம்.
• சோயா சாஸ்: வீட்டில் முயல வேண்டாம். லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இதற்கான காரணங்களையும் செய்முறையையும் பார்ப்போம்.

புளிப்புதான் காவல்

நம் வீட்டுத் தக்காளித் தொக்கும் ஊறுகாயும் பல வாரம் கெடாமல் இருப்பதற்குப் புளியும் உப்பும் நன்றாக வதக்குவதும் காரணம். சாஸுக்கும் அதே விதிதான். காற்றுப் புகாத பாட்டிலில், புளிப்புக் குறைந்த உணவில், ‘கிளாஸ்டிரிடியம் போட்டுலினம்’ என்ற பாக்டீரியா வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். இது நரம்பைத் தாக்கி உயிருக்கே ஆபத்தை ஏற்படுத்தக்கூடியது. இந்தப் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் இருப்பவை. ஆகவே மண்ணுக்குள் விளையும் பூண்டு, வெங்காயம், இஞ்சியில் அவை ஒட்டியிருக்கலாம். சாதாரணமாகக் கொதிக்க வைப்பதால் வித்துகள் சாவதில்லை. உணவின் பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால் அவை முளைத்து வளர முடியாது.

தக்காளியின் பி.எச். பெரும்பாலும் 4.2 முதல் 4.9 வரை இருக்கும். அதாவது சில தக்காளி எல்லைக்கு உள்ளே, சில வெளியே. மிளகாயும் பூண்டும் எல்லைக்கு வெளியேதான். அதனால் பாட்டிலில் வைக்கும் எந்த சாஸிலும் வினிகர் கட்டாயம் சேர்க்க வேண்டும். ருசிக்கு அதிகம் என்று அளவைக் குறைக்கக் கூடாது. புளிப்பு தூக்கலாக இருந்தால் கொஞ்சம் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளலாம்.

எலுமிச்சையின் புளிப்பு காய்க்குக் காய் மாறும். வினிகரில் அமில அளவு லேபிளிலேயே இருக்கும். 4 சதவீதம் அல்லது அதற்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். லேபிள் இல்லாத பாட்டிலும், ரப்பர் பால் உறைய வைக்கப் பயன்படுத்தும் ஆசிட்டும் சமையலுக்கு ஆகவே ஆகாது.

தெளிப்பு நீரின் பி.எச். பார்க்கச் சிலர் தாள் வைத்திருப்பீர்கள். சாஸுக்கும் அதுபோன்ற புதுத்தாள் போதும். தாளின் முனையைச் சாஸில் தொட்டு, மேலே ஏறும் ஈரத்தின் நிறத்தைப் பாருங்கள். 4 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றிக் கலந்து மறுபடி பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: நூடுல்ஸுக்கு ஊற்றுவதற்காகப் பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊற வைத்து அலமாரியில் வைக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. அதில் புளிப்பும் இல்லை, காற்றும் இல்லை. அன்றன்றைக்குச் செய்து தீர்த்துவிடுங்கள். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் 4 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். இந்த நஞ்சு மணத்திலோ நிறத்திலோ தெரியாது. முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது.

எந்தக் காயை எடுப்பது?

விற்காமல் ஒதுக்கியதையெல்லாம் சாஸுக்குப் போடலாம் என்று நினைக்காதீர்கள். சிறுத்தது, வடிவம் கோணலானது, லேசாக வெடித்து அன்றே பறித்தது ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். அழுகியது, பூசணம் பிடித்தது, புழு துளைத்தது வேண்டாம். அழுகிய பகுதியை மட்டும் வெட்டி எறிந்தாலும் போதாது. பூசணம் பரவிய பழத்தில் புளிப்பும் குறைந்துவிடும்.

பூச்சி மருந்து தெளித்திருந்தால் அந்த மருந்தின் லேபிளில் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களைக் குறிப்பிட்டிருப்பார்கள். சந்தைக்குப் பறிப்பதற்கு உள்ள அதே விதி வீட்டுச் சாஸுக்கும் உண்டு. கொதிக்க வைத்தால் மருந்து போய்விடும் என்று நம்ப வேண்டாம். தக்காளியைச் சுண்டக் காய்ச்சும்போது தண்ணீர் ஆவியாகிறது. பழத்தில் உள்ள மற்றவை செறிகின்றன.

மிளகாய் சாஸ்: வீட்டிலேயே செய்யலாம்

தேவையானவை: செடியிலேயே சிவந்த மிளகாய் 500 கிராம், உரித்த பூண்டு 50 கிராம், உப்பு 30 கிராம், சர்க்கரை 50 கிராம், தண்ணீர் 150 மில்லி, வினிகர் 300 மில்லி.

செய்முறை:

1. மிளகாயை நன்றாகக் கழுவி, ஈரம் உலர்ந்ததும் காம்பை எடுங்கள். காரம் குறைய வேண்டுமானால் விதையையும் அதை ஒட்டிய வெள்ளைப் பகுதியையும் நீக்குங்கள். காரம் அந்த வெள்ளைப் பகுதியில்தான் அதிகம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.
2. மிளகாய், பூண்டு, தண்ணீர் மூன்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி, பூண்டு மசியும்வரை வேக வையுங்கள். அலுமினியம், செம்பு, இரும்புப் பாத்திரம் வேண்டாம். அமிலம் உலோகத்தை அரிக்கும்.
3. ஆறியதும் உப்பு, சர்க்கரை சேர்த்து நைசாக அரையுங்கள்.
4. மறுபடி அடுப்பில் வைத்து, கொதி வந்ததும் வினிகர் ஊற்றி, 5 நிமிடம் குறைந்த தீயில் வைத்து இறக்குங்கள். வினிகரை ஆரம்பத்திலேயே ஊற்றி நீண்ட நேரம் கொதிக்க விட்டால் புளிப்பு ஆவியோடு போய்விடும்.
5. பி.எச். பாருங்கள். சூடு ஆறுவதற்குள் கொதிநீரில் போட்டு எடுத்த கண்ணாடி பாட்டிலில் நிரப்பி மூடுங்கள்.

பச்சை மிளகாயிலும் இதே அளவில் செய்யலாம். பச்சை நிறம் காய்ச்சும்போது மங்கும், அதனால் கெடுதல் இல்லை. வற்றல் மட்டும் இருந்தால் 150 கிராமை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துக்கொள்ளுங்கள், வினிகர் அளவு மாற வேண்டாம். முண்டு வற்றலில் செய்தால் ருசி தனியாகத் தெரியும். காரம் குறைவாக, நிறம் அதிகமாக வேண்டுமானால் பியாடகி வற்றலைக் கலந்துகொள்ளுங்கள். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்ப்பதைத் தடை செய்தது. நல்ல வற்றல் கையில் இருப்பவருக்கு நிறப்பொடி தேவையே இல்லை.

ஃபிரிட்ஜில் இந்தச் சாஸை 2 மாதம் வைத்துப் பயன்படுத்தலாம்.

தக்காளி சாஸ்: கணக்குப் பார்த்துச் செய்யுங்கள்

5 கிலோ தக்காளியில் தோலும் விதையும் போக ஏறக்குறைய 4 கிலோ கூழ் கிடைக்கும். அதைச் சுண்டக் காய்ச்சினால் சுமார் ஒன்றரைக் கிலோ சாஸ்தான் தேறும். தக்காளி கிலோ 10 ரூபாய் என்றால் பழச் செலவு 50 ரூபாய். அதே தக்காளி கிலோ 40 ரூபாய் என்றால் பழத்துக்கு மட்டுமே 200 ரூபாய். அதோடு சர்க்கரை, வினிகர், எரிபொருள், இரண்டு மூன்று மணி நேர உழைப்பு எல்லாம் சேரும். விலை நல்லபடியாக இருக்கும்போது பழத்தைச் சந்தைக்கு அனுப்புங்கள். சரியும்போது சாஸ் செய்யுங்கள்.

சதைப்பற்று உள்ள ‘பெங்களூர்’ தக்காளி சீக்கிரம் கெட்டியாகும், எரிபொருள் மிச்சம். நாட்டுத் தக்காளியில் நீர் அதிகம், ஆனால் புளிப்பு நன்றாக இருக்கும். இரண்டும் இருந்தால் மூன்றுக்கு ஒன்று என்று கலந்துகொள்ளுங்கள்.

4 கிலோ கூழுக்குத் தேவையானவை: சர்க்கரை 300 கிராம், உப்பு 40 கிராம், வெங்காயம் 200 கிராம், இஞ்சி 40 கிராம், பூண்டு 20 கிராம், மிளகாய்த்தூள் 20 கிராம், பட்டை, மிளகு, சீரகம் தலா 10 கிராம், கிராம்பு 10, வினிகர் 100 மில்லி.

செய்முறை:

1. முழுதும் பழுத்த தக்காளியைக் கழுவி நறுக்கி, தண்ணீர் விடாமல் வேக வைத்து மசித்து, வடிகட்டியில் தேய்த்துக் கூழ் எடுங்கள்.
2. வெங்காயம், இஞ்சி, பூண்டை நசுக்கி, மசாலாப் பொருட்களோடு சேர்த்து மெல்லிய துணியில் முடிந்து கூழில் போடுங்கள். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கை இப்போது சேருங்கள். எல்லாவற்றையும் முதலிலேயே போட்டால் அடிப்பிடித்து நிறம் கறுக்கும்.
3. கூழ் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கரண்டிக் காம்பில் ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வரும்வரை கிளறிக் காய்ச்சுங்கள்.
4. துணி முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டு, மீதிச் சர்க்கரை, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துக் கெட்டியாகும்வரை காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுப் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர் பிரியாமல் நின்றால் பதம் சரி.
5. கடைசியில் வினிகர் ஊற்றி ஒரு கொதி விட்டு, பி.எச். பார்த்து, சூடாகவே பாட்டிலில் நிரப்பி மூடுங்கள்.
6. அகலமான பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, பாட்டில்களை நிற்க வைத்து, கழுத்துவரை வெந்நீர் ஊற்றி 30 நிமிடம் சூடாக்குங்கள். தண்ணீர் 85 முதல் 90 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அதாவது அடியிலிருந்து சிறு குமிழ் வரலாம், தளதளவென்று கொதிக்கக் கூடாது.

இப்படிச் செய்தால் திறக்காத பாட்டிலை நிழலான இடத்தில் 3 மாதம் வைக்கலாம். திறந்தபின் ஃபிரிட்ஜில் 3 வாரம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய பாட்டில் வேண்டாம். 200 மில்லி பாட்டில்களில் நிரப்பினால் திறந்த ஒரு வாரத்துக்குள் தீர்ந்துவிடும். திறக்கும்போது காற்று சீறினாலோ, நுரைத்தாலோ, கள் வாடை அடித்தாலோ, பூசணம் தெரிந்தாலோ மேலே மட்டும் வழித்துவிட்டுப் பயன்படுத்தாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

வீட்டில் செய்தது என்பதால் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது. கடை சாஸைப் போலவே இதிலும் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை உண்டு. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், நான்கு தக்காளி, நான்கு வற்றல், இரண்டு பல் பூண்டு, நெல்லிக்காய் அளவு புளி, அளவான உப்பு சேர்த்து வேக வைத்து அரைத்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். சேமித்து வைக்காத சாஸுக்குச் சர்க்கரை தேவையில்லை.

சோயா சாஸ்: ஏன் வீட்டில் செய்யக் கூடாது?

நல்ல சோயா சாஸ் சமைப்பதில்லை, புளிக்க வைப்பது. சோயா மொச்சையை வேக வைத்து, வறுத்து உடைத்த கோதுமையோடு கலந்து, ‘அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே’ என்ற பூசணத்தை வளர்க்கிறார்கள். பிறகு உப்புக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவிட்டுப் பிழிந்து எடுக்கிறார்கள். அந்தப் பூசணத்தின் நெருங்கிய உறவு ‘அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்’. நிலக்கடலை ஈரத்தோடு அடைந்து கிடந்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்குவது இதுதான். இரண்டும் பச்சையாகவே வளரும், கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. தொழிற்சாலையில் தூய பூசண வித்தை வாங்கி, வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்திச் செய்கிறார்கள். நம் வீட்டுத் திண்ணையில் அது நடக்காது.

கடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மேலே சொன்னபடி இயற்கையாகப் புளிக்க வைத்தது. இன்னொன்று, சோயாப் புரதத்தை அமிலத்தில் சிதைத்து, உப்பும் கேரமல் நிறமும் கலந்து சில நாளில் செய்வது. இந்த இரண்டாவது வகையில், தயாரிப்புச் சரியில்லாவிட்டால் 3-எம்.சி.பி.டி. என்ற வேண்டாத வேதிப்பொருள் உருவாகலாம். லேபிளில் ‘நேச்சுரலி ஃபெர்மென்டட்’ அல்லது ‘ப்ரூட்’ என்று இருந்து, மூலப்பொருளில் சோயாவும் கோதுமையும் தெரிந்தால் முதல் வகை. ‘ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்’ என்று இருந்தால் இரண்டாவது வகை. கோதுமை ஒவ்வாதவர்கள் முதல் வகையில் கவனமாக இருக்க வேண்டும்.

சோயா சாஸில் உப்பு மிக அதிகம். ஒரு மேசைக்கரண்டியில், அதாவது 15 மில்லியில், சுமார் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கலாம். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே சோயா சாஸ் ஊற்றினால் தனியாக உப்புப் போடாதீர்கள். நான்கு பேர் சாப்பிடும் சாதத்துக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இதையும் குறையுங்கள்.

லேபிளில் எண்களைப் பாருங்கள்

லேபிள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் சேர்மானப் பொருட்களை எண்ணாலும் குறிப்பார்கள். எண்ணை யாரும் படிக்கலாம்:

• 260: அசிட்டிக் அமிலம். வினிகரில் உள்ள அதே புளிப்பு.
• 211, 202: கெடாமல் காக்கும் பொருட்கள். இந்தியாவில் சாஸில் இவற்றை வரையறுத்த அளவுக்குள் சேர்க்க அனுமதி உண்டு. அளவுக்குள் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.
• 150: கேரமல் நிறம்.
• 102, 110, 122, 124: செயற்கை நிறமிகள். இவை இல்லாத பாட்டில் இருந்தால் அதை எடுங்கள்.
• 621: அஜினமோட்டோ என்று நாம் சொல்லும் சுவையூட்டி. இதிலும் சோடியம் உண்டு.
• 1422, 415: கெட்டியாக்க மாவும் பசையும்.

மூலப்பொருட்களை அளவின் இறங்கு வரிசையில் போட வேண்டும் என்பது விதி. தக்காளி சாஸ் பாட்டிலில் தக்காளிப் பேஸ்ட் முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வந்தால் நல்லது. தண்ணீரும் சர்க்கரையும் மாவும் முன்னால் வந்து தக்காளி பின்னால் போனால் அந்த விலைக்கு அது ஏற்றதல்ல. ‘தக்காளி’ என்ற சொல்லே இல்லாமல் வெறும் ‘சாஸ்’ என்று சிவப்பாக மலிவு விலையில் கிடைப்பதைத் தவிருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி ஆகியவையும் இருக்க வேண்டும்.

வாணலியில் ஊற்றும் முறை

சர்க்கரை உள்ள சாஸ் பெரிய தீயில் நொடியில் கருகும். காய் பாதிக்கு மேல் வெந்தபின், தீயைச் சற்றுக் குறைத்து, கடைசி ஒரு நிமிடத்தில் ஊற்றிக் கிளறுங்கள். வீட்டுச் சாஸில் மாவு இல்லாததால் காயில் ஒட்டாமல் நீர்த்து நிற்கும். ஒரு தேக்கரண்டி சோள மாவைக் கால் டம்ளர் குளிர்ந்த நீரில் கரைத்து அதோடு ஊற்றினால் கடைப் பக்குவம் வந்துவிடும்.

விற்கலாம் என்று நினைத்தால்

வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. சட்டப்படி தக்காளி சாஸில் உப்பு நீங்கலாகக் கரைந்த திடப்பொருள் குறைந்தது 25 சதவீதமும், புளிப்பு அசிட்டிக் அமிலக் கணக்கில் குறைந்தது 1 சதவீதமும் இருக்க வேண்டும். இதைக் கண்ணால் சொல்ல முடியாது, ஆய்வகச் சோதனை தேவை. விற்பனை அளவைப் பொறுத்து உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ பெற வேண்டும். பதிவு இல்லாமல் விற்ற பாட்டிலால் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் முழுப் பொறுப்பும் உங்களுடையது. மகளிர் குழுவாகச் சேர்ந்து செய்வதானால் முதலில் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ பயிற்சி எடுத்து, ஒரு சிறு தொகுதியைச் சோதித்துப் பார்த்தபின் முதலீடு செய்யுங்கள்.

இந்தப் பருவத்தில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் அரைக் கிலோ மிளகாயில் ஒரு பாட்டில் செய்து பாருங்கள். பதமும் புளிப்பும் கைக்கு வந்தபின் தக்காளிக்குப் போகலாம். வினிகரும் ஒரு கட்டு பி.எச். தாளும் வீட்டில் இருந்தால், அடுத்த முறை தக்காளி விலை சரியும்போது பழம் அழுகுவதற்குள் கையில் ஒரு வழி இருக்கும்.